எந்த ஊர்த் திருமேனி? புதுச்சேரி அருங்காட்சியகங்களில் ஒரு வாரம்

செவ்வாய்க்கிழமை

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பொருளைப் பார்க்கிறார்கள்; அதன் கீழே வைத்திருக்கும் சிறு அட்டையை நின்று படிப்பவர்கள் குறைவு. இந்த முறை புதுச்சேரிக்குப் புறப்பட்டபோது அந்த அட்டைகளுக்காகவே போவது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு சிலை எந்த அரசர் காலத்தது, எந்த உலோகம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் தெரிந்தாலும், அது எந்த ஊரில், எந்தக் கோயிலில், எந்தத் திசை நோக்கி நின்றது என்பது தெரியாவிட்டால் அதைப் பற்றி நாம் அறிந்தது பாதிதான் என்ற எண்ணம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான நகரம் அருகில் வேறு இல்லை. திருமேனிகளைக் காக்கும் அருங்காட்சியகமும், அத்தகைய திருமேனிகள் கோயில்களில் நின்ற நிலையைப் படமெடுத்து வைத்திருக்கும் ஆய்வு நிறுவனமும் இங்கே ஒரே வீதியில் இருக்கின்றன.

கடலூரிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்குத் தென்பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி முள்ளோடை வந்ததுமே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் தொடங்கிவிடுகிறது. முத்தியால்பேட்டையில் அக்கா வீடு இருப்பதால் தங்கும் கவலை இல்லை. வரலாற்றில் முதுகலை படிக்கும் அக்கா மகளும் என்னோடு சுற்ற ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால் செவ்வாய் காலையில் தொடங்கினோம்.

புதுச்சேரி அருங்காட்சியகம் செயின்ட் லூயி வீதியில், பாரதி பூங்காவை ஒட்டி இருக்கிறது. நகருக்குத் தெற்கே உள்ள பழைய துறைமுக இடமான அரிக்கமேட்டின் மணிகளும் மட்கல ஓடுகளும், கற்சிற்பங்களும், செப்புத் திருமேனிகளும், பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலி மேசைகளும், பல்லக்குகளும் வண்டிகளும் ஒரே கட்டடத்துக்குள் இடம்பெற்றிருக்கின்றன. ஓர் அவசரப் பயணி அரை மணி நேரத்தில் இதைச் சுற்றிவிடலாம். நாங்கள் செப்புத் திருமேனிகளின் முன்பே காலைப் பொழுதின் பெரும்பகுதியைச் செலவிட்டோம்.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனியைப் பார்க்கும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் பீடத்தைப் பாருங்கள் என்று நண்பர்களிடம் எப்போதும் சொல்வேன். பீடத்தின் பக்கங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவை திருவிழா நாளில் தண்டுகளைச் செருகியும் கயிறுகளால் கட்டியும் திருமேனியை அசையாமல் நிறுத்துவதற்கு ஏற்பட்டவை. மூலவர் கருவறையை விட்டு வெளியே வருவதில்லை. வீதியில் இருப்பவர்களைத் தேடி வருபவர் உற்சவர். வயோதிகரும் நோயாளிகளும் மட்டுமல்ல, கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டிருந்தவர்களும் இறைவனை அருகில் கண்டது இந்தத் திருமேனிகள் புறப்பாடு வந்தபோதுதான். திருமேனியைச் சூழ்ந்து நிற்கும் வளைவான திருவாசியைப் பொருத்துவதற்காகப் பீடத்தின் இருபுறமும் நிற்கும் முளைகளையும் அதே கண்ணோடு பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் இந்த உருவம் ஆடி அசைந்து நகர்வதற்காகவே செய்யப்பட்டது என்பதை அந்தத் துளைகள் சொல்லிவிடுகின்றன.

செய்முறையை அக்கா மகள் கேட்டாள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவத்தை மெழுகில் செய்வார்கள். கண் இமையிலிருந்து சிலம்பு வரை நுணுக்கங்களை அந்த மெழுகிலேயே பெருமளவு முடித்துவிடுவார்கள். அதன்மேல் நுண்மையான வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசி, காயவைத்து, மேலும் மேலும் மண் சாத்திக் கரு என்னும் வார்ப்பு அச்சாக்குவார்கள். கருவைச் சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேறிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும் என்பதால் ஒரு கருவில் ஒரு திருமேனிதான் பிறக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இந்த முறையிலேயே வார்க்கிறார்கள். ஆகவே எந்தத் திருமேனிக்கும் அச்சு அசலான இரட்டை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய விரல் வளைவும் இடை நெளிவும் உண்டு. பின்னாளில் களவுபோன திருமேனிகளைப் பழைய நிழற்படத்தோடு ஒப்பிட்டு அடையாளம் காண முடிந்ததற்கு இந்த வார்ப்பு முறையே ஒரு முக்கியக் காரணம்.

சில திருமேனிகளில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த திருமஞ்சனமும், பின்பு துடைத்த துணியும் விரலும் செய்த வேலை அது. கூர்மையான முகம் கொண்ட திருமேனியைவிட இப்படித் தேய்ந்த முகம் கொண்டதையே நான் அதிக நேரம் பார்க்கிறேன். அது வழிபாட்டில் இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழகத்து அருங்காட்சியகங்களில் உள்ள செப்புத் திருமேனிகளில் கணிசமானவை மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை. படையெடுப்பு அஞ்சப்பட்ட காலங்களில் கோயிலார் திருமேனிகளைப் புதைத்து வைத்தார்கள். மறைத்தவர்கள் இறந்தபின் இடமும் மறந்துபோனது. பின்னாளில் வீடு கட்ட அடித்தளம் தோண்டும்போதோ வயலைச் சீர்செய்யும்போதோ அவை வெளிப்பட்டன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி ஆட்சியரிடம் ஒப்படைக்கப்பட்டு, அங்கிருந்து அருங்காட்சியகம் சேர்ந்தன. அப்படிக் கிடைத்த ஊரின் பெயர் அட்டையில் இருக்கும்போது அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து நின்று பார்த்துப் பெருமைப்பட இடம் இருக்கிறது. பெயர் விடுபட்டுப்போய், 'சோழர் காலம், செம்பு' என்ற அளவோடு முடியும் அட்டைகளை எத்தனையோ நகரங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்தத்தான் செய்கிறது.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் பொருள்களை விரைவாகவே பார்த்தோம். ஆளுநர் டூப்ளே பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கட்டிலும், ஆள் பின்னாலிருந்து தள்ளிச் செல்லும் புஸ்-புஸ் வண்டியும் பலரை ஈர்க்கின்றன. அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நினைவு வந்தது. டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும், இருந்த அவர் 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் வரை எழுதிய நாட்குறிப்பில், எந்தக் கப்பல் வந்தது, யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார்கள் என்பவற்றையெல்லாம் நாள் கிழமையோடு குறித்துவைத்தார். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் கைக்குப் போனது என்று எழுதி வைக்கும் பழக்கத்துக்கு இந்த நகரத்திலேயே ஒரு முன்னோடி இருந்திருக்கிறார்.

புதன்கிழமை

இன்று அதே செயின்ட் லூயி வீதியில் உள்ள புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். இது அருங்காட்சியகம் அன்று. ஆய்வு செய்கிறவர்களுக்கான இடம். முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக்கொண்டு போனோம்.

பிரெஞ்சு ஆட்சி 1954இல் கைமாறிய மறு ஆண்டே, 1955இல், இந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. சைவ ஆகமச் சுவடிகளைத் தேடித் திரட்டுவதும், தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுப்பதும் அந்தக் காலத்திலேயே தொடங்கிய பணிகள். சுவடித் தொகுப்பில் சுமார் 8,600 ஓலைக்கட்டுகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பான்மை, வடமொழியை எழுதத் தமிழகத்தில் வழங்கிய கிரந்த எழுத்தில் அமைந்தவை. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் 'உலக நினைவுப் பதிவேட்டில்' சேர்க்கப்பட்டன.

ஒரு சுவடிக் கட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறுவார்கள். கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. கரிமை பூசித் துடைத்த பிறகு பள்ளத்தில் மை நின்று எழுத்து எழும்பும். நம் காற்றின் ஈரமும் பூச்சிகளும் ஓலைக்கு எதிரிகள் என்பதால் சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுப்பது நின்ற நாளில் அந்த நூலின் அழிவு தொடங்கிவிடுகிறது. அச்சு வந்தபின் எத்தனையோ வீடுகளில் அது நின்றுபோனது. அந்த இடைவெளியில்தான் இந்தத் தொகுப்பு திரட்டப்பட்டது என்பதை நினைக்கும்போது, ஊர் ஊராக அலைந்து கேட்டு வாங்கிய அந்தத் தலைமுறைப் பண்டிதர்களிடம் மனமார நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் நான் வந்தது நிழற்படக் காப்பகத்துக்காக. சுமார் 1,60,000 படங்கள். பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. தென்னிந்தியக் கோயில்களின் கட்டடம், கோட்டம் எனப்படும் சுவர் மாடத்துச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள் ஆகியவற்றை அவை இருந்த இடத்திலேயே எடுத்தவை. படத்தின் அழகைவிட அதனோடு இருக்கும் குறிப்புதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. இன்ன மாவட்டம், இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன உருவம் என்று ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களை எடுத்தவர்கள் களவைப் பிடிப்பதற்காக எடுக்கவில்லை. சிற்ப இலக்கணத்தைப் படிப்பதற்காக எடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து அவை நீதிமன்றச் சான்றுகளாகப் பயன்படும் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க முடியாது.

எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு கதை இங்கே இருக்கிறது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கோட்டத்தில் சோழர் காலத்துக் கல் அர்த்தநாரீஸ்வரர் ஒருவர் இருந்தார். ஒரு பாதி ஆணும் ஒரு பாதி பெண்ணுமாக, காளையின்மேல் கையூன்றி நிற்கும் திருவுருவம். அது களவுபோய், நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் என்ற கலைப்பொருள் வணிகர் வழியாக, 2004இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. கோயிலில் இருந்தபோதே பிரெஞ்சு நிறுவனத்தார் அதைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தையும் சிட்னியில் இருந்த சிற்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எவராலும் மறுக்க முடியவில்லை.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானிலும் இதே போன்று நடந்தது. பூட்டிக் கிடந்த சிவன் கோயிலிலிருந்து 2006இல் திருமேனிகள் களவாடப்பட்டன. அவற்றில் ஒன்றான நடராஜரை 2008இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் அதே கபூர். அவர் 2011இல் ஜெர்மனியில் கைது செய்யப்பட்டு மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். நடராஜரும் அர்த்தநாரீஸ்வரரும் 2014 செப்டம்பரில் டெல்லியில், அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட்டால் இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டார்கள். நடராஜரை மீட்பதற்கும் பிரெஞ்சு நிறுவனத்துப் படமே கைகொடுத்தது.

மாசிமகத்துக்கு விருத்தாசலம் போய்வரும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். அந்தக் கோட்டத்தைக் கடந்து எத்தனையோ முறை வலம் வந்திருப்பேன். கடல் கடந்த திருவுருவத்தைத் திரும்பக் கொண்டுவந்தது படையும் பணமும் அல்ல, ஊர்ப் பெயர் எழுதிய ஒரு நிழற்படம் என்பதை இன்று அந்தக் காப்பகத்தின் அலமாரிகளுக்கு நடுவே நின்று நினைத்தபோது, நேற்று அட்டைகளைப் பற்றி நான் எழுதியது சிறிய விஷயம் அல்ல என்று உறுதியாகத் தோன்றியது.

"மாமா, இப்போ இருக்கிற கோயில்களை எல்லாம் இதே மாதிரி யாராவது எடுத்து வைக்கிறாங்களா?" என்று அக்கா மகள் திரும்பும் வழியில் கேட்டாள். அரசும் ஆர்வலர்களும் செய்கிறார்கள். ஆனாலும் சிறிய ஊர்களில், ஒருகாலப் பூசை மட்டும் நடக்கும் கோயில்களில், அந்தந்த ஊர் இளைஞர்களே கோயிலாரின் ஒப்புதலோடு படமும் அளவும் எடுத்துப் பதிவு செய்து வைத்தால் அதைவிடப் பெரிய திருப்பணி கிடையாது என்றேன். அவள் தன் வகுப்பில் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை

கடலூர்ச் சாலையில் தெற்கே முருங்கப்பாக்கம். அங்கே உள்ள கைவினைக் கிராமத்தில் சற்று நேரம் நின்றோம். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இங்கே களிமண் உருவாவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஊரின் பெயரே பொருளின் பெயரோடு சட்டப்படி ஒட்டியிருப்பது, இந்த வாரம் நான் நினைத்துக்கொண்டிருப்பதற்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது.

அங்கிருந்து அரியாங்குப்பம், பிறகு காக்காயந்தோப்பு. ஆற்றங்கரையில் மரங்களுக்கு நடுவே அரிக்கமேடு. பார்க்க வருபவர்களில் பலர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரியார்கள் கட்டிய குருமடத்தின் செங்கல் தூண்களும் சுவரும் தவிர, கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் இல்லை. அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. ஆகவே இங்கே வருவதற்கு முன் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. மணிகளையும் ஓடுகளையும் கண்டுவிட்டு வந்தவருக்கு இந்த மேடு வெறும் மேடாகத் தெரியாது.

1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, அந்நாளில் மேகம் மறைத்ததால் காண முடியாமல் போன பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீ, இந்தப் பகுதியின் பழம்பொருள்களைப் பற்றி எழுதிய முற்கால ஐரோப்பியர்களில் ஒருவர். அதன்பின் நீண்டகாலம் பேச்சே இல்லை. 1930களில், புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழூவோ-துப்ரேய், இங்கே கிடைத்த மணிகளையும், ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று அவர் கருதிய உருவம் செதுக்கிய ஒரு கல்லையும் கண்டு, இது ரோமரோடு வாணிகம் செய்த இடம் என்று அறிவித்தார்.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி. இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், 1944இல் சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டபோது ஓர் அலமாரியில் மண்சாடி ஒன்றின் உடைந்த பகுதியைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது ஏற்றிவரும் ஆம்போரா என்னும் சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அது என்பது அவருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் என்ற விடை கிடைத்தது. தாமதிக்காமல் புதுச்சேரிக்கு வந்தார். இங்கே நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளுக்கிடையே, இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரின் பெயரால் அழைக்கப்படும் சிவந்த, வழுவழுப்பான அரிட்டைன் மட்கலத் துண்டுகளைக் கண்டார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு மண். அவர்களின் அனுமதியோடு 1945இல் அகழாய்வு நடத்தினார்.

அரிட்டைன் மட்கலங்களின் முக்கியத்துவம் அவற்றின் காலத்தில் இருக்கிறது. இத்தாலியில் அவை செய்யப்பட்ட பத்தாண்டுகள் வரை கணக்கிட முடியும். குயவர்களின் முத்திரைகளும் உண்டு. இங்கே கிடைத்தவற்றில் விபி, கமுரி, இட்டா என்ற முத்திரைகள் இருந்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியோடு வழக்கொழிந்தவை. ஆகவே அந்த ஓடு கிடைத்த மண்ணடுக்கில் உடன் கிடைத்த உள்ளூர் மட்கலங்களுக்கும் காலம் சொல்ல முடிந்தது. உள்ளே வட்டவட்டமாகப் புள்ளி வரிசை ஓடும் ரௌலட்டட் மட்கலம் தென்னிந்தியாவில் எங்கே கிடைத்தாலும் அதன் காலத்தைக் கணிக்க அரிக்கமேடு அளவுகோலானது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு நம்பத்தக்க முதல் காலக்கணக்கைத் தந்தது இந்த மேடுதான். பின்னர் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்தார்கள். ரோமர் வருவதற்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் இருந்தார்கள், வணிகமும் இருந்தது என்பது அந்தப் பிற்கால ஆய்வுகளால் தெளிவானது. பெயர் தெரியாத ஒரு பழைய கிரேக்க மாலுமியின் 'பெரிப்ளஸ்' என்ற பயணக் குறிப்பில் வரும் பொதுகே என்ற துறைமுகம் இதுவே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

எனக்கு ரோமச் சாடியைவிட மணிகளே அதிக வியப்பைத் தருகின்றன. கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடேற்றி முனைகளை உருட்டிய சின்னஞ்சிறு மணிகள். இங்கே செய்யப்பட்டவை போன்றவை தென்கிழக்காசியா முழுவதும் கிடைக்கின்றன. மழைக்குப் பின் மண்ணில் தானாகவே மேலெழுந்து கிடக்கும் மணிகளைச் சிறுவயதில் பொறுக்கியதாக அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவர் எங்களிடம் சொன்னார். இன்று அது காக்கப்பட்ட தொல்லியல் இடம், எதையும் எடுக்கக்கூடாது. எடுக்காமல் இருப்பதே சரி. மண்ணடுக்கிலிருந்து பிரிந்த மணி அழகாக இருக்கலாம், ஆனால் அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை இனி எவராலும் கேட்க முடியாது.

ழூவோ-துப்ரேயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்லவர் வரலாற்றுக்கும் அரிக்கமேட்டுக்கும் அவர் செய்த தொண்டு பெரிது. அவரே 1920களில் காஞ்சிபுரம் பகுதியில் கண்டெடுத்த சோழர் காலத்து யோகினிச் சிற்பங்களைப் பாரிஸ் நகரத்துக் கலைப்பொருள் வணிகர் சி.டி. லூவுக்கு அனுப்பினார். அவை இன்று லண்டன், பாரிஸ், டெட்ராய்ட், டொராண்டோ என்று பல நகரங்களின் அருங்காட்சியகங்களில் தனித்தனியே இருக்கின்றன. ஒரே வட்டமாக அமர்ந்திருந்த தேவியர் அவர்கள். அந்தக் கோயில் எந்த இடத்தில் இருந்தது என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஒரே மனிதரின் கைவழியாக வந்த இரண்டு கண்டுபிடிப்புகளில், இடத்தோடு பதிவானது ஒரு நாட்டின் பழைய வரலாற்றையே திருத்தி எழுத உதவியது. இடத்தை இழந்தது உலகம் முழுவதும் சிதறி, ஒவ்வொரு கூடத்திலும் அழகுப் பொருளாக நிற்கிறது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்து ஆய்வாளர் பலரும் அப்படியே நடந்துகொண்டார்கள். ஆனால் விளைவு விளைவுதான்.

வெள்ளிக்கிழமை

வெயில் கடுமை. காலையில் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் உள்ள பாரதியார் நினைவு அருங்காட்சியகமும், பெருமாள் கோயில் வீதியில் உள்ள பாரதிதாசன் அருங்காட்சியகமும். 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் இருந்தார். இங்கிருந்து புறப்பட்டு ஆங்கிலேயர் எல்லைக்குள் நுழைந்ததுமே கைதாகி, எங்கள் கடலூர்ச் சிறையில்தான் மூன்று வாரங்களுக்கு மேல் அடைபட்டிருந்தார் என்பது கடலூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. கடிதங்களும் படங்களும் நூல்களும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் நடமாடிய கூடத்தில், முற்றத்து வெளிச்சத்தில் அவற்றைப் பார்ப்பதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது. பாரதிதாசன் வீட்டிலும் அதே உணர்வு. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்த இரண்டு வீடுகளையும் விட்டுவிட வேண்டாம்.

மாலையில் கடற்கரைச் சாலை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைப் படமெடுக்காத பயணி இல்லை. அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1750இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1761 வரை அவர்கள் கையில் இருந்தது. வேலைப்பாடு மிகுந்த அந்தத் தூண்கள் ஒரு மண்டபத்தைத் தாங்குவதற்காகச் செதுக்கப்பட்டவை. இப்போது வானத்தைத் தவிர அவற்றின்மேல் ஒன்றும் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தார், இது எந்தக் கோயில் தூண் என்று எங்களிடமே கேட்டார்கள். செஞ்சி என்று சொன்னதும் அந்த வீட்டுப் பெரியம்மா, "எங்க ஊருப் பக்கத்துக் கல்லா!" என்று சொல்லித் தூணின் அருகே போய்க் கையை வைத்துப் பார்த்தார். அதற்கு முன் அவர்கள் அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை

ஊருக்குத் திரும்பும் வழியில் கன்னியக்கோயிலில் இறங்கி வாகூருக்குப் போனேன். அக்கா மகளுக்கு வகுப்பு இருந்ததால் தனியாகத்தான்.

வாகூர்ச் செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, 9ஆம் நூற்றாண்டு. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்டவை. வாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற உயர் கல்விச் சாலையில் கற்பிப்பவர்களுக்காக மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. 1879இல் ழூல் தெலஃபோன் என்ற பிரெஞ்சு நீதிபதி இவற்றைக் கண்டறிந்தார். பின்னர் இவை பாரிஸில் உள்ள பிரெஞ்சு தேசிய நூலகத்தைச் சென்று சேர்ந்தன. செப்பேட்டைப் போலக் கொண்டுபோக முடியாத கல்வெட்டுகள் மட்டும் மூலநாதர் கோயில் சுவர்களில் அப்படியே இருக்கின்றன. கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் பட்டிகளில் வரிவரியாக ஓடும் எழுத்துகளைச் சாய்வெயில் படும் நேரத்தில் பார்த்தால் நன்றாகப் படிக்கலாம். நடுப்பகல் வெயில் பள்ளத்தின் நிழலைப் போக்கிவிடும். கச்சியையும் தஞ்சையையும் கொண்டதாகச் சொல்லிக்கொண்ட இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் பெயரும் இந்தக் கோயில் கல்வெட்டுகளில் வருகிறது. ஒரு காலத்தில் இந்தச் சிற்றூர் இருக்கும் பகுதிக்காகப் பேரரசுகள் மோதிக்கொண்டன என்பது இன்றைய அமைதியான கடைத்தெருவைப் பார்த்தால் நம்ப முடியாமல் இருக்கும்.

நான் கல்வெட்டின் முன் குனிந்து நிற்பதைப் பார்த்த குருக்கள், தொல்லியல் துறையா என்று கேட்டார். இல்லை, கடலூரிலிருந்து வரும் ஒரு வாசகன் என்றேன். பேச்சு செப்பேட்டுக்குப் போனது. அது பாரிஸில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அதுல நம்ம ஊர் பேரு இருக்குமோ சார்?"

இருக்கிறது என்று சொல்லி, கொடையாகக் கொடுத்த ஊர்களான சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகியவற்றின் பெயர்களையும் படித்துக் காட்டினேன். இரண்டாவது பெயரை அவர் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, செப்பேட்டின் வாசகத்தையும் அதன் பொருளையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் நிர்வாகத்தாரிடம் கேட்டுச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டி வைக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது படிப்பார்கள் என்றார். அச்சிடப்பட்ட பாடத்திலிருந்து தமிழ்ப் பகுதியை இன்றிரவே எடுத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன்; வடமொழிப் பகுதிக்குப் பொருள் எழுத அக்கா மகளின் பேராசிரியர் ஒருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். தாளின் தலைப்பில் முதல் வரியாக, இது வாகூரில் கிடைத்தது என்று எழுதியாயிற்று.